வெண்ணெய் மெழுகும் கழுவிய மணிகளும்

‘கூரிய மோப்பத் திறன் உடையவர்’ என்று ஆய்வாளர் அம்மையாரைப் பற்றிப் பால் பண்ணையின் பணிக்குறிப்பு சொன்னது. அம்மையாருக்கோ ஆண்டு முழுவதும் மூக்கடைப்பு. அடுப்பில் பால் பொங்கிக் கருகினாலும் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். மோப்பம் பிடிக்கும் பொறுப்பை, பஸ் ஓட்டும் அவருடைய கணவர் சம்பளமில்லாமல் ஏற்றிருந்தார்.

வேலை என்னவோ நேர்த்தியானது. விற்காமல் திரும்பிய வெண்ணெயை உருக்கிக் கொழுப்பை மட்டும் பிரித்து, குடிக்க உதவாத ஒரு கெட்டி ஆல்கஹாலைச் சேர்த்து, நொதி ஏற்றிய சிறு மணிகளைப் போட்டு இளஞ்சூட்டில் கலக்க வேண்டும். நொதி கொழுப்பை வெட்டி ஆல்கஹாலோடு ஒட்டவைக்கும், மெழுகு பிறக்கும். மணிகளை வடித்தெடுத்து மறுபடியும் போடலாம். கைக்களிம்பு செய்கிறவர்கள் மெழுகுக்காகக் காத்திருந்தார்கள்.

பிறந்த மெழுகோ நாறியது. மேலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கெடு வைத்தார்: “அடுத்ததும் இப்படியே இருந்துச்சுன்னா, மேடம், இந்த ரூம காலி டப்பா அடுக்கக் குடுத்துடுவேன்.”

மாதிரி வீட்டுக்குப் போனது. கணவர் மூடியைத் திறந்த வேகத்தில் மூடினார்.

“என்னம்மா இது, குழந்த கக்கின பால் மாதிரி! பஸ்ஸுல தெறந்தா ஓடுற வண்டியிலேர்ந்து குதிச்சிடுவாங்க.”

“கிண்டல் போதும். எல்லாமே இப்படித்தான் இருந்துச்சா?”

“இல்லையே. மொத தடவ கொண்டாந்தியே, அதுல வாடையே இல்ல. ரெண்டாவதுலேர்ந்துதான் குடல புரட்டுது.”

அம்மையார் திருதிருவென்று விழித்தார். முதல் முறை மணிகள் டப்பாவிலிருந்து நேராகப் போயின. அதன்பின் ஒவ்வொரு முறையும் அவற்றைக் குழாயடியில் பளிச்சென்று அலசிப் போட்டவர் அவரேதான். சுத்தம் சோறு போடும் என்பார்கள். இங்கே சோற்றில் மண்ணைப் போட்டிருந்தது. மணிக்குள் தங்கிய தண்ணீரைக் கண்டதும் நொதி ஆல்கஹாலைக் கைவிட்டு, தண்ணீரோடு உறவு கொண்டாடி, கொழுப்பிலிருந்து நாற்றமெடுக்கும் அமிலத்தை அவிழ்த்துவிட்டிருக்கிறது.

“கழுவிக் கழுவியே கெடுத்திருக்கேங்க.”

“நான் ஒரு டம்ளர கழுவாம வச்சா மட்டும் வீட்ட ரெண்டாக்குவ!”

“டம்ளர் வேற, இது வேற. போய்க் கழுவுங்க.”

அடுத்த முறை, மணிகளை ஈரம் போக உலர்த்திய பின், குழாய்ப் பக்கம் போன கையை அடக்கிக்கொள்ள அம்மையார் பட்ட பாடு கொஞ்சமல்ல. மேலாளர் கைக்குட்டையும் கையுமாக வந்து பாத்திரத்தின்மேல் குனிந்தார். இன்னொரு தரம் குனிந்தார். கைக்குட்டை சட்டைப் பைக்குள் போயிற்று. டப்பாக்களுக்கு வேறு இடம் பார்க்கச் சொன்னார்.

அம்மையார் செய்தது இதுதான்: மணிகளைக் கழுவுவதை நிறுத்தினார், ஈரம் போக உலர்த்தினார், வீணாகவிருந்த வெண்ணெயை நாறாத மெழுகாக்கினார்.