குதிர் அறைக்குள் வந்த கிரகணம்

மதியம் மூன்று இருபதுக்கு அத்தைக்கு வலி கண்டது. அவள் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்த எனக்கே அது தெரியாது. பல வருடம் கழித்து அத்தை சொல்லித்தான் அந்த நேரம் தெரியும்.

அன்று சூரிய கிரகணம். மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருந்த அத்தைக்கு அது நிறைமாதம். முன்பு இரண்டு முறை கலைந்துபோனதால், அவள் தும்மினால்கூட வீடே திரும்பிப் பார்க்கும். கிரகணம் பட்டால் பிள்ளை உதடு பிளந்து பிறக்கும் என்று பயந்து, அவளுடைய ஒரே அண்ணனான என் அப்பா, நெல் கொட்டிவைக்கும் ஜன்னலில்லாத குதிர் அறையில் அவளை உட்காரவைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டார். தாழ்ப்பாளுக்குக் காரணம் அவளுடைய படிப்பு. கும்பகோணத்தில் இயற்பியல் படித்தவள் எப்படியும் வாசலுக்கு வந்து வானத்தை அண்ணாந்து பார்த்துவிடுவாள் என்பது அம்மாவின் சந்தேகம். துணைக்கு என்னையும் உள்ளே அனுப்பினார்கள்.

ஓட்டு இடுக்குகள் வழியாக அந்த அறையில் எப்போதும் வட்டவட்டமாக வெயில் விழும். அன்று ஒவ்வொரு வட்டமும் ஓரத்தில் கடிபட்டது; பிறகு மெல்லப் பிறையாயிற்று. தரையில், நெல்லின் மேல், அத்தையின் வயிற்றின் மேல் எல்லாம் பிறைகள். கிரகணத்துக்குப் பயந்து பூட்டிய அறைக்குள்தான் ஊரிலேயே தெளிவான கிரகணம் தெரிந்தது.

"வெளிய சொல்லிடாதடி. ஓட்டு மேல சாக்கப் போட்டு மூடிருவாங்க" என்றாள் அத்தை.

அந்தப் பிறைகளைப் பார்த்துக்கொண்டே ஜெர்மனியில் பிறந்த ஒரு பெண்ணின் கதையைச் சொன்னாள். சின்ன வயதில் அம்மை போட்டு, அப்புறம் விஷக்காய்ச்சல் வந்து, நாலடி சொச்சத்தோடு வளர்ச்சி நின்றுபோனவள். பெண்ணுக்கு வீட்டு வேலை தெரிந்தால் போதும் என்றாளாம் அவள் அம்மா. அண்ணன்தான் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனான். தொலைநோக்கிக்கான கண்ணாடியை அவன் மணிக்கணக்காகத் தேய்க்கும்போது, இவள் அவன் வாயில் சாப்பாடு ஊட்டிவிடுவாளாம்.

"அவருக்குக் கை இல்லையா?"

"கை கண்ணாடியில இருக்கே. எடுத்தா கெட்டுப்போயிரும்."

"எங்கப்பாவுக்கு நீ ஊட்டுவியா?"

"உங்கப்பா தேய்க்கிறது பல்லு மட்டுந்தான்."

நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். கதையை அடிக்கடி இப்படி நிறுத்தினாள். சுவாரசியத்துக்காக நிறுத்துகிறாள் என்று நினைத்து, "அப்புறம்? அப்புறம்?" என்று உலுக்கினேன்.

அப்புறம் அவள் தனியாகவே வானத்தைத் துழாவி எட்டு வால் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தாளாம். ராஜாவே சம்பளம் கொடுத்தாராம். ஒருமுறை பனியில் அண்ணனுக்கு உதவ ஓடியபோது இரும்புக் கொக்கி தொடையில் ஏறி, சதையோடுதான் வெளியே வந்ததாம். அதற்குப் பிறகு மேகம் மூடிக்கொண்டதால் அண்ணனுக்கு வேலை எதுவும் கெடவில்லை என்று அவள் ஆறுதல்பட்டுக்கொண்டாளாம்.

"லூசா அத்தை அவ?"

அத்தை மறுபடி என் கையை இறுக்கினாள்.

போன வாரம் ஒரு கிரகணம். சென்னையில் ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும் என் மகளைப் போனில் கூப்பிட்டு, "உள்ளேயே இரு" என்று சொல்ல வாயெடுத்தேன். "பக்கத்துல யாருடி இருக்கா?" என்று மட்டும்தான் கேட்க முடிந்தது.

அன்று குதிர் அறையில் பிறைகள் மறுபடி வட்டங்களாயின. கிரகணம் விட்டு, எல்லோரும் தலைமுழுகிய பிறகுதான் அம்மா கதவைத் திறந்தாள். அத்தையின் சேலை நனைந்திருந்தது. "அண்ணி, நர்ஸக் கூப்பிடுங்க" என்றாள், குரலே எழும்பவில்லை. அப்பா ஈரத்தலையோடு செருப்பில்லாமல் ஓடினார். அவர் திரும்புவதற்குள் அம்மாவின் கையில் பிள்ளை விழுந்துவிட்டது. அம்மா முதலில் அதன் உதட்டைத்தான் தடவிப் பார்த்தாள்.

நர்ஸ் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். கொடியை அறுத்தார், அத்தையின் நாடியைப் பார்த்தார், பிள்ளையைப் புரட்டிப் பார்த்தார். "பொண்ணு நல்லா இருக்கு. ஒரு குறையும் இல்ல" என்றார். பிறகு அத்தையிடம், "ஏம்மா, இவ்வளவு வலிய வச்சிக்கிட்டு வாயத் தொறக்காம இருந்திருக்கியே. ஒரு சத்தம் போட்டிருந்தா உங்கண்ணன் கதவத் தொறந்திருக்க மாட்டாரா?" என்றார்.

அத்தை சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாசற்படியில் நின்ற அப்பா தரையைப் பார்த்தார்.

இவ்வளவு சுலபமான கேள்விக்கு இரண்டு பேரும் ஏன் பேசாமல் இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. "தொறந்திருப்பாங்க" என்று நான்தான் சத்தமாகச் சொன்னேன்.