சட்டைப்பையில் இருந்த கண்ணாடி

குன்றாண்டார்கோவிலில் முப்பது வருஷம் மருந்துக்கடை நடத்தினேன். "போதும்ப்பா, கடையை விட்டுடுங்க" என்று மகள் சொன்னாலே எரிந்து விழுவேன்.

ஒருநாள் பிரஷர் மாத்திரை வாங்கிப்போன செல்லம்மா உடனே திரும்பி வந்தார். "அண்ணே, நான் போடுறது வெள்ளை மாத்திரை. இது ரோஸா இருக்குங்களே?"

வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். சர்க்கரை மாத்திரை! அவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. உடனே சரியான மாத்திரையை மாற்றிக் கொடுத்தேன். என் கண்ணாடி சட்டைப்பையிலேயே இருந்தது.

அந்த மாதமே கடையை விட்டேன். சில மாதம் பொழுது போகாமல் வீட்டில் எல்லோரிடமும் சிடுசிடுத்தேன். இப்போது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, டாக்டர் சீட்டைப் பார்த்து, அவர்கள் வாங்கி வரும் மாத்திரைகளைப் பிரித்து, கவரில் காலைக்குச் சூரியனும் ராத்திரிக்கு நிலாவும் வரைந்து கொடுக்கிறேன். "வழக்கமா போடுற கலர்தானான்னு பாத்துக்கங்க" என்றும் சொல்வேன்.

செல்லம்மா மட்டும் மாத்திரையை நீட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவார்: "மொதல்ல கண்ணாடியப் போடுங்கண்ணே."