குலைநோய் மருந்தும் என் சட்டப் படிப்பும்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, மார்கழி முதல் வாரம். தஞ்சாவூரில் என் வீட்டு மாடியறையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் குறித்து ஒரு விரிவுரையைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். சட்டக் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னும் விடாமல் படித்துவந்த துறை அது.

பாபநாசத்திற்கு அருகே விவசாயம் பார்த்த என் தம்பி ஒரு மருந்துப் பாக்கெட்டோடு வந்தான். அவனும் ஊரார் பதினொரு பேரும் குழுவாகச் சேர்ந்து, முதன்முறையாக ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார்கள். கதிர் வரும் நேரத்தில் அவன் வயலில் குலைநோய் கண்டிருந்தது. இந்த மருந்தை அடித்தால் அங்குள்ள சட்டம் அரிசியை ஏற்குமா என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது. ஒன்றியம் ஏற்காத மருந்துகளின் பட்டியலைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆனால் தம்பியிடம் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஒன்றியத்தின் விதிகள் உறுப்பு நாடுகளை எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்று அரை மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அண்ணே, பரீட்சை வச்சா நான் ஃபெயிலுதான். அடிக்கலாமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க."

"இங்க தடையில்லாத மருந்துதானே. தாராளமா அடி."

அடித்தான். தை அறுவடையில் பன்னிரண்டு பேருடைய நெல்லும் ஒன்றாகக் கலந்து மில்லுக்குப் போயிற்று. பரிசோதனையில் மருந்தின் எச்சம் தெரிந்ததால் சரக்கு முழுவதையும் வேண்டாமென்று தள்ளிவிட்டார்கள், ஒப்பந்தமும் முறிந்தது. அதன் பிறகே பட்டியலைப் பார்த்தேன். மருந்தின் பெயர் அதில் தெளிவாக இருந்தது. தம்பி ஒருபோதும் என்னைக் குறை சொல்லவில்லை. நேரில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நானும் தள்ளிப்போட்டேன்.

சென்ற ஆவணியில் மாரடைப்பில் போய்விட்டான். காரியம் முடிந்த அன்று குழுவில் ஒருவர் என்னருகே வந்து உட்கார்ந்தார்.

"இவ்வளவு படிச்ச அண்ணன வச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை கேக்காம அடிச்சிட்டியேய்யான்னு அவர ரொம்பப் பேசிட்டோம் சார். கேக்கத் தோணலன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அப்புறம் எங்க கூட்டத்துக்கே வரல."

"கேட்டான். நான்தான் அடிக்கச் சொன்னேன்" என்றேன்.

அவர் தணிந்த குரலில், "அவரு இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

அந்த வாரமே மற்றப் பத்து வீடுகளுக்கும் சென்று உண்மையைச் சொன்னேன். யாரும் கடிந்துகொள்ளவில்லை, உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். உயிரோடிருந்தபோது அவன் ஊரில் தலைநிமிர்ந்து நடப்பதற்கு, ஒரு பகல் பொழுதில் நான் செய்து முடித்திருக்கக்கூடிய இந்தக் காரியமே போதுமானதாக இருந்திருக்கும் என்பதை எண்ணாத நாள் இல்லை.