நீரூற்றுக்கு எதிரே பதினொரு பேர்

தையல்காரம்மாதான் எப்போதும் முதல் ஆள். நகராட்சி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் அறைக் கதவு ஏழு மணிக்குத் திறக்கும். ஐந்தரைக்கே அவருடைய துணிப்பை வாசலில் உட்கார்ந்திருக்கும். எங்களுக்குள் அது ஒரு சட்டம். வந்த வரிசையில் பையை வைத்துவிட்டால், ஆள் எங்கே போனாலும் இடம் போகாது. அவர் வருவது பஸ் ஓட்டிக்கொண்டிருந்த கணவருக்காக. நான் போவது தம்பிக்காக. அவன் கடைசியாகச் சேர்ந்தவன், என் பையும் கடைசிதான்.

ஆறு மெஷினில் மூன்று படுத்துவிட்டன. வாரம் மூன்று முறை என்றிருந்தது இரண்டாகிவிட்டது. ரிப்பேருக்குப் பணமில்லையாம். அதே மாதம் நகராட்சி ஆபீஸ் வாசலில் கலர் விளக்கோடு ஒரு நீரூற்று எழும்பியது. எங்கள் வீட்டு நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான் கணக்கு. வயிறு எரியாதா?

போராட்டம் என்று கிளம்பினோம். ஊரையே திரட்டுகிறேன் என்று மார்தட்டிய ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வரவேயில்லை. வந்தது பதினொரு பேர். நீரூற்றுக்கு எதிரே அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். கோஷம் போட யாருக்கும் தெம்பில்லை. தூங்காத முகங்கள், இரண்டு பேர் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். பழக்க தோஷம், ஆஸ்பத்திரி வரிசைப்படியே உட்கார்ந்திருக்கிறோம், ஆளுக்கொரு பையை முன்னால் வைத்துக்கொண்டு.

காவலாளி வந்து பார்த்தார். மனு கொடுக்க வந்த கூட்டம் என்று நினைத்து ஆளுக்கொரு டோக்கன் கிழித்துக் கொடுத்தார். நாங்களும் கையை நீட்டி வாங்கிக்கொண்டோம்! இதற்கு வீட்டிலேயே படுத்துத் தூங்கியிருக்கலாம்.

தையல்காரம்மாவுக்கு ஒன்றாம் எண். டோக்கன் வாங்கிய பிறகு அங்கேயே மனுவை எழுதியவள் நான் என்பதால் என்னையும் உள்ளே கூட்டிப் போனார். அதிகாரி படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் வாரம் மூணு தடவைக்கு நான் சொல்லிடறேன்மா. வெளியே இருக்கறவங்களைக் கூட்டிட்டுக் கிளம்புங்க."

தையல்காரம்மாவின் கணவருக்கு இரண்டு வாரமாகக் கால் வீங்கிச் செருப்பு நுழைவதில்லை. எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா?

"மெஷின் மூணுதானே சார் ஓடுது? யாரோட முறையை எடுத்துக் குடுப்பீங்க?"

"அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க. கடைசியா சேந்தவங்க யாராவது இருப்பாங்க இல்ல?"

கடைசியாகச் சேர்ந்தவன் என் தம்பி. தையல்காரம்மா என் பக்கம் திரும்பவேயில்லை.

"வேணாம் சார். மெஷினை ரிப்பேர் பண்ணுங்க."

வெளியே வந்ததும் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நீரூற்று அது பாட்டுக்குப் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொல்லிடாதம்மா."

"சொல்ல மாட்டேன்க்கா."

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். அதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது.

வியாழக்கிழமை போனபோது அவருடைய பை முதலில் இருந்தது. மெஷின் அதே மூன்றுதான். தையல்காரம்மா சீட்டு வாங்கப் போயிருந்தார். கணவர் பெஞ்சில், வெறுங்காலோடு. கால் முன்பைவிட வீங்கியிருந்தது.

"அந்த ஆபீசர் என்னம்மா சொன்னாரு? இவ வாயே தெறக்க மாட்டேங்கறா."

"மனுவை வாங்கிக்கிட்டாருண்ணா" என்று சொல்லிவிட்டு, என் பையைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தேன்.