யாருடைய சொட்டு மருந்து

மருந்துப் பெட்டியைத் திறந்தால் ஐஸ் சீக்கிரம் உருகிவிடும் என்று தெரிந்தும் வசந்தா மூன்றாம் தடவையாகத் திறந்து பார்த்தாள். பாதி கரைந்திருந்தது.

எண்பத்து நான்காம் வருடத் தேர்தல் நேரம். செஞ்சிக் கோட்டை அடிவாரத் தெருவில் போலியோ சொட்டு மருந்து கொடுக்க வந்திருந்தாள். மேற்கு வரிசைத் தாய்மார்கள் வந்து போயாகிவிட்டது. கிழக்கு வரிசையில் பதினோரு குழந்தைகள், ஒன்றுகூட வரவில்லை. போன மாதம் கால் விளங்காமல் போன குழந்தை அந்த வரிசையில்தான்.

பன்னிரண்டு வருட நர்சு வேலையில் ரத்தமோ சீழோ அவளைப் பதற வைத்ததில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதுதான் ஆகாது. கிழக்கு வரிசை நாகம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“அது மேற்கு வரிசைக்காரங்க கட்சி மருந்தாமே நர்சம்மா. நாங்க எதுக்கு வாங்கணும்?” என்றாள் நாகம்மாள், குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு.

தப்பு எங்கே என்று வசந்தாவுக்குப் புரிந்தது. பிரசார ஜீப்பில் மைக் பிடிக்கும் ஜான் பாஷாவிடம் முந்தின நாள் அவள்தான் சொட்டு மருந்தைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லிவிடச் சொன்னாள். வாய்ப் பழக்கத்தில் ‘நமது கட்சி வழங்கும்’ என்று முன்னால் சேர்த்து, கடைசியில் சின்னத்துக்கு ஓட்டும் கேட்டிருக்கிறான்.

டீக்கடையில் அவனைப் பிடித்தாள்.

“மைக்கப் புடிச்சா அப்டிதாங்க்கா வருது,” என்றான். இனி மாற்றிச் சொன்னாலும் கிழக்கு வரிசை தன் குரலை நம்பாது என்று அவனே ஒப்புக்கொண்டான்.

எதிர்க்கட்சிக்கு மைக் பிடிக்கும் ரங்கநாதனைத் தேடி ஓடினாள். அவர்கள் மருந்தைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் தன் ஆட்கள் சும்மா விடுவார்களா என்று அவன் கேட்டான். இது அரசாங்க மருந்து என்று விளக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

“உங்க கட்சி போராடி வாங்கனதுன்னு சொல்லிக்கோ. இப்பவே போய் சொல்லு.”

அவன் கிழக்கு வரிசையில் மைக் பிடித்து, மறியல், உண்ணாவிரதம் எல்லாம் சேர்த்துச் சொன்னான். முதல் ஆளாக நாகம்மாள் வந்தாள். ஒன்பது குழந்தைகள் வாய் திறந்தன. அதற்குள் மேற்கு வரிசை மெஹராஜ் பேகம் ஓடி வந்து, தன் பிள்ளைக்கு ஊற்றியது யார் மருந்து என்று கேட்டாள்.

“எல்லாம் ஒரே புட்டிதான். அடுத்த மாசம் மறக்காம வா.”

மிச்சம் இரண்டு வீடு. ஒன்றில், தூங்கும் குழந்தையின் கன்னத்தை அழுத்தி ஊற்றினாள். இன்னொன்று பூட்டியிருந்தது. குழந்தையோடு கட்சிக் கூட்டத்துக்கு லாரியேறிப் போய்விட்டார்களாம். பெட்டியில் ஐஸ் முழுக்கத் தண்ணீராகியிருந்தது.

நாளைக்கு எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டாள். ஓட்டு முடிகிறவரைக்கும் சொல்ல முடியாது என்றார்கள்.