தூளி கட்டிய இடம்

எங்கள் தெருவில் கடைசி வீடு என்னுடையது. நாலு ஆண்கள் நின்றால் அந்தப் பக்கம் போகக் கூசுவேன். அன்று ஆறு பேர் நின்றார்கள், பொக்லைன் வண்டியோடு. வடிகால் வெட்ட வந்தவர்கள்.

மேற்பார்வைக்காரர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துச் சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார். குடிதண்ணீர்க் குழாய் கோட்டுக்கு அந்தப் பக்கம் நேராகப் போவதாகக் காகிதத்தில் இருந்ததாம். என் வாசலுக்கு எதிரே அது நேராகப் போகவில்லை. கோட்டுக்குள் வளைந்து வருகிறது. குழாய் புதைக்கப் பள்ளம் வெட்டிய ஆட்களில் நானும் என் வீட்டுக்காரரும் இருந்தோம். மற்றவர்கள் யாரும் இப்போது இல்லை. அவரும் இல்லை.

குழாய் உடைந்தால் தெருவுக்கே தண்ணீர் கிடையாது. அக்கம்பக்கத்தார் வண்டியில் போய் கேன் வாங்கிவருவார்கள். நான் இடுப்பில் குடம் வைத்து நடந்து பல வருடமாயிற்று.

சொல்ல வாய் வரவில்லை. பிளாஸ்டிக் குடத்தை எடுத்துப்போய், குழாய் வளையும் இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலுக்குத் திரும்பிவிட்டேன்.

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். “ஆயா, கொழாயடி அந்தப் பக்கம். இங்க வரிசை போட்டா தண்ணி வராது!”

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் குடத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினார். வண்டியின் பக்கெட் மண்ணை நோக்கி இறங்கியது. என்னையறியாமல் கத்திவிட்டேன்.

“தம்பி, கீழ பைப்பு இருக்கு!”

மேற்பார்வைக்காரர் கிட்டே வந்தார். “இதுல நேராத்தானேம்மா இருக்கு?”

“இந்த எடத்துல மட்டும் வளைச்சுட்டாங்க சார்.”

“ஏன்?”

“பூவரசு மரம் நின்னுச்சு. அப்புறம் புயல்ல விழுந்துடுச்சு.”

வண்டியை நிறுத்தி, மண்வெட்டியால் மெல்ல வெட்டச் சொன்னார். முழங்கால் ஆழத்தில் குழாய் தெரிந்தது. காகிதத்திலும் வளைவை வரைந்துகொண்டார். ஓட்டுநர் இறங்கிவந்து குடத்தைத் துடைத்துக் கொடுத்தார். “வச்சப்பவே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமுல்ல ஆயா? கொடத்துக்கா பேசத் தெரியும்?”

அந்த மரத்தைக் குழாய் புதைத்த அன்றே வெட்டியிருக்கலாம். சின்ன மரம்தான். அதில் தூளி கட்டி என் மகளைப் போட்டிருந்தேன். மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு அப்போதுதான் தூங்கினாள். அரிவாளோடு போனவரை என் வீட்டுக்காரர் தடுத்தார். “புள்ள தூங்கட்டும்டா, சுத்திப் போவோம்.” இதைப்போய் சாரிடம் எப்படிச் சொல்வது?

சாயங்காலம் மகள் போன் செய்தாள். வேலை விட்டுத் தன் வீட்டுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள்.

“சாப்டியாம்மா? அங்க என்ன விசேஷம்?”

சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அங்கே யாரோ அவளை உள்ளே தள்ளிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“ஒண்ணுமில்ல. தண்ணி வருது, புடிக்கணும்” என்றேன்.

வைத்துவிட்டாள். குடம் நிறையும்வரை குழாயடியில் நின்றேன்.