நசியாத எலுமிச்சை

மதிப்பிற்குரிய ஐயா அவர்களே, அம்மையார் அவர்களே,

பலெர்மோவின் போர்கோ வெக்கியோவில், துறைமுகத்துக்கு இறங்கும் தெருவொன்றில், நான் சிறுமியாயிருந்தபோது நிகழ்ந்ததொன்றைத் தங்கள் முன் வைக்கிறேன். தமிழெழுத்தை முதிர்ந்த வயதில் நானே கற்றவள், பிழையிருப்பின் பொறுத்தருள்க.

அப்போது நாங்கள் மூவரும் ஓரறையில் வசித்தோம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அம்மாவும் நானுமே வசித்தோம். அப்பா பகேரியாவில் ஒரு வில்லாவின் தோட்டத்தைப் பராமரித்து, அங்கேயே கருவிகள் வைக்கும் கொட்டிலிற் படுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தாளியைப் போல வந்து போனார். ஊரைவிட்டு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. வந்த வழியைப் பற்றி அம்மா எவருடனும் கதைப்பதில்லை.

வில்லாவின் எசமானியான சிஞ்ஞோரா இரக்கமுள்ளவர். தம் பிள்ளைகள் கைவிட்டு, எங்கள் தெரு மெக்கானிக்கின் பட்டறை முற்றத்திற் கிடந்த பழைய ரூலோட் ஒன்றை, அதாவது காரின் பின்னே இழுத்துச் செல்லும் சில்லு வைத்த வீட்டை, நாங்கள் வில்லாத் தோட்டத்தில் நிறுத்திக் குடியிருக்கத் தந்தார். அதன் அவசரத் தடையான பிரேக் பிடிக்கிறதென்று அந்த மெக்கானிக் உறுதி சொன்னாலன்றி அதை வீதியில் இறக்கக் கூடாது என்பதே அவர் இட்ட ஒரே நிபந்தனை. சோதனை தவறினால் அப்பா தனியே கொட்டிலுக்குத் திரும்பவேண்டியதுதான்.

ஓடும்போது ரூலோட் காரிலிருந்து கழன்றுவிட்டால், இரண்டையும் தொடுக்கும் மெல்லிய கம்பி இறுகி, ரூலோட்டின் முன்புறத்துக் கைப்பிடியை மேலே இழுக்கும். சில்லுகள் அக்கணமே பூட்டிக்கொள்ளும். காரோடு பிணைக்கும் கொளுவியைக் கழற்றி, கம்பியை மட்டும் காரில் மாட்டி, காரை மெல்ல நகர்த்திப் பார்ப்பதே சோதனை. மெக்கானிக் இத்தாலிய மொழியிற் சொன்ன இவற்றையெல்லாம் நான் அம்மாவுக்குத் தமிழில் எடுத்துரைத்தேன். அம்மா பாதிதான் கேட்டார். அவருக்கு வேறு அலுவல் இருந்தது.

வாகனம் முதன்முறை அசையும்போது சில்லின் கீழ் எலுமிச்சை நசியவேண்டும் என்பது எங்கள் வழக்கம். சிசிலியின் பருத்த எலுமிச்சைகளை அம்மா இரு சில்லுகளின் முன்னும் வைத்து, கற்பூரம் காட்டி, முன்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் மாலையையும் மஞ்சட் கயிற்றையும் இறுகக் கட்டினார். மெக்கானிக் தம் பட்டறைச் சுவரில் ஊர்க்காவற் புனிதை சாந்தா ரொசாலியாவின் படத்துக்குப் பூ வைக்கும் மனிதர். ஆதலால் மாலையைக் கண்டதும் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு, அதைத் தொடாமல் மரியாதையாக விலகிப் போய்க் காரிலேறினார்.

கார் நகர்ந்தது. கம்பி இறுகியது. ரூலோட் நில்லாமற் பின்னாலேயே போய், இரண்டு எலுமிச்சைகளையும் சப்பென்று நசித்தது.

அம்மா கை தட்டினார். நானும் தட்டினேன்.

“இஞ்சேருங்கோ, பாத்தீங்களே! ரெண்டும் நசிஞ்சுபோச்சு. இனி ஒரு குறையும் வராது.”

அப்பாவின் முகம் வாடிவிட்டது. “அதுதானப்பா குறை. அது நிண்டிருக்கவேணும்.”

“நசியாட்டி என்னத்துக்குத் தேசிக்காய் வைக்கிறது?”

மெக்கானிக் இறங்கி வந்தார். எலுமிச்சை பிழிவதற்குத் தம்மிடம் வரத் தேவையில்லையே என்று அம்மாவிடம் சொல்லும்படி என்னைப் பணித்தார். பின் சிரிப்பை நிறுத்தி, இதை வீதிக்கு விடமாட்டேன் என்றார். முதலாவதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இரண்டாவதைச் சொன்னேன்.

அப்பா குனிந்து முன்புறத்தைப் பார்த்தார். மாலையும் கயிறும் சுற்றப்பட்டிருந்தது அந்தக் கைப்பிடியிலேதான். கம்பி இழுத்தும் அது எழும்ப வழியில்லை.

“இதிலையே கட்டினீர்?”

“வடிவா ஒரு பிடி நீட்டிக்கொண்டு நிண்டுது. வேறை எங்கை கட்டுறது?”

“அவிழ்க்கவேணும்.”

“சாமிக்குக் கட்டினதை அவிழ்க்கக் கூடாது!”

அப்பா உரத்துப் பேசவில்லை. அம்மாவின் பக்கத்திற் குந்தி, கம்பியை விரலால் தொட்டுக் காட்டினார். “இஞ்சை பாரும். எல்லாம் கழண்டு போற நேரத்திலை, இது தானா நிக்கிறதுக்குத்தான் இந்தக் கம்பி.”

“ஒருத்தரும் பிடிக்காமலோ?”

“ஓம்.”

“இறக்கத்திலையும்?”

“இறக்கத்திலையும் நிக்கும்.”

அம்மா தாமும் அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். பின்னர் எவரையும் தொடவிடாமல் தாமே முடிச்சை அவிழ்த்து, மாலையை யன்னற் சட்டத்திற் கட்டினார். மெக்கானிக் முன்பிருந்த இடத்துக்கே ரூலோட்டைத் தள்ளிவிட்டார். வழக்கத்தை விட மனமில்லாமல் அம்மா வேறிரண்டு எலுமிச்சைகளைச் சில்லுகளின் முன் வைத்தார்.

கார் நகர்ந்தது. கைப்பிடி விசுக்கென்று எழுந்தது. சில்லுகள் எலுமிச்சைகளைத் தொட்டபடி நின்றுவிட்டன.

“பெர்ஃபெத்தோ!” என்று மெக்கானிக் கத்தினார். அப்பா ரூலோட்டின் சுவரில் இரு கைகளாலும் மேளம் அடித்தார். இம்முறை கை தட்டலாமா என்று அறியாமல் நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் குனிந்து, நசியாத பழமொன்றை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். மற்றதை மெக்கானிக்கின் கையிற் கொடுத்தார். அவர் அதைச் சாந்தா ரொசாலியாவின் படத்தின் கீழ் வைத்தார்.

அன்று மாலையே மெக்கானிக்கின் காருக்குப் பின்னால் எங்கள் வீடு பகேரியாவுக்குப் போயிற்று. அன்றுமுதல் நாங்கள் மூவரும் ஒன்றாகவே உண்டோம். கோடையில் ஒருநாள், அம்மா யன்னலில் எடுத்து வைத்திருந்த அந்த நசியாத எலுமிச்சையைப் பிழிந்து சர்பத் போட்டுத் தரும்படி கேட்டேன். வெளியே மரம் நிறையக் காய்த்திருக்கிறது, அதிற் பறித்து வா என்றார் அம்மா.

“இது ஏன் கூடாது?”

“இது நிண்ட தேசிக்காய், பிள்ளை.”

அது சுருங்கிக் கல்லாகும்வரை அவர் அதை எறியவில்லை. அம்மாவுக்குப் பழைய பொருள்களை எறிய மனம் வராது என்றே அன்று நான் எண்ணினேன். எல்லாம் கழன்ற பின்னும் நின்றதொன்றை, எங்களைப் போன்றதொன்றை, அவர் வைத்திருந்தார் என்பது பின்னரே விளங்கியது.

ஐயா, அம்மையீர், இக்குறிப்பைப் படித்தபின் எறிந்துவிடாமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.